ஜெயித்தது இருங்காட்டுக்கோட்டையில், தெரிந்தது ஹாக்கன்ஹைமில்

2019 பிப்ரவரி. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எம்ஆர்எஃப் சேலஞ்ச் ஃபார்முலா 2000 தொடரின் கடைசிச் சுற்று. அந்த வார இறுதியில் மூன்று பந்தயங்களை வென்று, தொடரின் பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனவர் ஜேமி சாட்விக். இங்கிலாந்துக்காரர், வயது 20. எல்லோருக்கும் ஒரே வகைக் கார். கூட ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பட்டத்துக்காக அவரோடு கடைசிவரை மல்லுக்கட்டியவர் பெல்ஜியத்தின் மேக்ஸ் டிஃபோர்னி. அந்தத் தொடரின் பட்டத்தை வென்ற முதல் பெண் சாட்விக்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்த்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். பத்து மணிக்கே தார் கொதிக்கும். பிட் பக்கம் மெக்கானிக்குகள், ஓட்டுபவர்களின் குடும்பம், பைக்கில் வந்த கல்லூரிப் பையன்கள். வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரருக்கு உள்ளே பந்தயம் நடப்பதே தெரியாது. சாட்விக் வென்ற செய்தி ரேஸ் உலகத்துக்குள் சுற்றியது, அதோடு நின்றது.

மூன்று மாதம் கழித்து, மே 4 அன்று, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் அவர் இன்னொரு பந்தயத்தை வென்றார். பெண்கள் மட்டும் ஓட்டும் டபிள்யூ சீரிஸ் என்ற புதுத் தொடரின் முதல் பந்தயம் அது. பிரிட்டனில் சேனல் 4 நேரலையில் காட்டியது. அதே மாதம் வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணி அவரை வளர்ச்சி ஓட்டுநராக (பந்தயத்தில் ஓட்டாமல் அணியின் சோதனை வேலைகளில் உதவுபவர்) சேர்த்துக்கொண்டது.

ஆண்களோடு மோதி வென்ற பட்டம் பெரிதா, பெண்கள் மட்டும் இருந்த களத்தில் வென்ற ஒரு பந்தயம் பெரிதா என்று கேட்டால், ரேஸ் தெரிந்த யாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது இரண்டாவதுதான். மோட்டார் பந்தயத்தில் பெண்கள் கண்ணில் படுவதற்காக 2018-இலிருந்து நடந்த முயற்சிகளை இந்த முரணை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

பலகை பிடித்தவர்களும் கார் ஓட்டியவர்களும்

பந்தயத் திடலில் பெண்கள் கண்ணில் படாமல் இருந்ததே இல்லை. பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு காருக்கு முன்னாலும் எண் பலகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஃபார்முலா 1 அந்த வழக்கத்தை நிறுத்தியது 2018 ஜனவரியில்தான். அதே ஆண்டு அக்டோபரில் டபிள்யூ சீரிஸ் அறிவிப்பு வந்தது. பலகை போய் ஸ்டீயரிங் வருவதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஓட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1958-இல் இத்தாலியின் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ் ஃபார்முலா 1 ஓட்டினார். 1975-இல் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் டிராக்கில் லெல்லா லொம்பார்தி ஆறாவதாக வந்தார். அன்று ஒரு கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து உயிர்கள் போனதால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அதனால் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். ஃபார்முலா 1 உலகப் போட்டியில் ஒரு பெண் வாங்கிய மொத்தப் புள்ளி இன்றுவரை அந்த 0.5 மட்டுமே. 1992-இல் ஜொவான்னா அமாத்தி மூன்று முறை முயன்றும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. அதன்பின் 22 ஆண்டுகள் வெறும் மௌனம். 2014-இல் சில்வர்ஸ்டனில் சூசி வுல்ஃப் வில்லியம்ஸ் காரில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு இறங்கினார். நாலு லேப் முடிவதற்குள் எஞ்சின் கோளாறு. உலகமே பார்த்துக்கொண்டிருந்த அன்றைய வாய்ப்பு அவ்வளவுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

திறமை போதாது என்று இதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பணத்தைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. ஃபார்முலா 1-க்குக் கீழே உள்ள படிகளில், ஃபார்முலா 3-இல் ஒரு சீசன் ஓட்ட பத்து லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும், ஃபார்முலா 2-க்கு அதைவிட இன்னும் அதிகம். அந்தப் பணத்தை ஸ்பான்சர்தான் தர வேண்டும். தன் பெயர் ஒட்டிய கார் கேமராவில் தெரியுமா என்பதுதான் ஸ்பான்சரின் முதல் கேள்வி. முன்னால் ஓடினால் கேமரா வரும். முன்னால் ஓட நல்ல காரும் நிறையப் பயிற்சி நாட்களும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எங்கே தொட்டாலும் அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிற வட்டம் இது. ஆண் பிள்ளைகளையும் இது நசுக்குகிறது. ஆனால் பத்து வயதில் கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டி ஓட்டும் பையனைப் பார்த்து ‘இவன் ஒருநாள் ஃபார்முலா 1 போவான்’ என்று நம்புகிற அப்பாவும் ஸ்பான்சரும் கிடைப்பார்கள். பெண் பிள்ளையைப் பார்த்து அப்படி நம்ப அவர்களிடம் ஓர் உதாரணம்கூட இருக்கவில்லை.

டபிள்யூ சீரிஸ்: விளக்கு இருந்தது, ஏணி இல்லை

கேத்தரின் பாண்ட் முயர் தலைமையில் வந்த டபிள்யூ சீரிஸ் இந்த வட்டத்தை ஒரே இடத்தில் வெட்டப் பார்த்தது. ஓட்டுகிறவர் ஒரு காசு கொண்டுவர வேண்டாம். கார், டயர், மெக்கானிக், பயணம் எல்லாம் தொடரின் செலவு. ஆஸ்திரியாவின் மெல்க்கில் ஜனவரிக் குளிரில் தேர்வு வைத்துத் திறமை பார்த்தே எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே டட்டூஸ் கார். முதல் வருடம் பந்தயத்துக்குப் பந்தயம் காரை மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள், எனக்குக் கிடைத்த கார் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி. மொத்தப் பரிசு 15 லட்சம் டாலர், அதில் 5 லட்சம் பட்டம் வென்றவருக்கு.

அறிவிப்பு வந்த அன்றே எதிர்ப்பும் வந்தது. அமெரிக்காவின் இண்டி 500 பந்தயத்தில் ஓட்டிய பிப்பா மான், பெண்களைப் பிரித்து உட்கார வைக்கிற வேலை இது என்று வருந்தினார். ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷ், பிரச்சினையை ஒப்புக்கொண்டாலும் தீர்வு இது இல்லை என்றார். மிகச் சிறந்தவர்களோடுதான் மோத வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அதைச் செய்தும் காட்டினார். 2018 நவம்பரில் சீனாவின் மக்காவ் நகரில் நடந்த விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர், 2023-இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஏழாவதாக வந்து இன்றைய ஃபார்முலா 3 தொடரில் புள்ளி வாங்கிய முதல் பெண்ணானார். பிரிப்பது தப்பு என்ற அந்த வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டை வெற்றி எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று நினைத்துப் பார்க்கும்போது, டபிள்யூ சீரிஸ் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

2021-இல் தொடர் ஃபார்முலா 1 வார இறுதிகளுக்கே நகர்ந்தது. விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய மேடை கிடையாது. சாட்விக் 2019, 2021, 2022 என மூன்று பட்டங்களையும் வென்றார். கடைசி சீசனில் நடந்த ஏழு பந்தயங்களில் ஐந்து அவருடையது.

அந்த மூன்றாவது பட்டம்தான் இந்தத் தொடரின் குறையைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு முறை வென்றவர் மூன்றாவது முறை ஏன் அதே தொடருக்குத் திரும்பி வர வேண்டும்? மேலே ஏற அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 5 லட்சம் டாலர் பரிசு கையில் இருந்தும் ஃபார்முலா 3 இருக்கைக்கு அது போதவில்லை. தொடரை எல்லோரும் பார்த்தார்கள், ஓட்டுகிறவரையும் பார்த்தார்கள். ஆனால் பார்த்த எந்த அணிக்கும் அவரை அழைத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமோ, அழைத்தால் இன்ன லாபம் என்ற கணக்கோ இல்லை. புகழ் கிடைத்தது. அடுத்த படிக்கட்டு கிடைக்கவில்லை.

அப்புறம் பணமும் நின்றது. வரவேண்டிய முதலீட்டுப் பணம் வந்து சேரவில்லை என்று சொல்லி, 2022 அக்டோபரில் ஆஸ்டின், மெக்சிகோ பந்தயங்களை ரத்து செய்தார்கள். 2023 ஜூனில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. எல்லாச் செலவையும் ஒரே கை சுமந்தால் அந்தக் கை ஓய்ந்த அன்று எல்லாம் ஓய்ந்துவிடும். ஓட்டுகிறவர்மீது சுமை விழக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் தொடரின் பலம், அதுவே பலவீனமும் ஆயிற்று. இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் காசு வாங்காமல் இருக்கை கொடுத்ததால்தான் ஆபி புல்லிங் போன்றவர் ரேஸில் நீடித்தார். 2021-இல் பணம் தீர்ந்து பிரிட்டிஷ் ஃபார்முலா 4-இலிருந்து பாதியில் விலகியவர் அவர்.

எஃப்1 அகாடமி: 2023-இல் ஏணி இருந்தது, விளக்கு இல்லை

2022 நவம்பரில் ஃபார்முலா 1 நிறுவனமே முன்வந்து எஃப்1 அகாடமி என்ற பெண்கள் தொடரை அறிவித்தது. மேலே சொன்ன சூசி வுல்ஃப் 2023 மார்ச்சில் அதன் நிர்வாக இயக்குநரானார். இந்த முறை கணக்கு வேறு. ஃபார்முலா 2, 3-இல் ஏற்கெனவே இருந்த பிரேமா, ஏஆர்டி, கம்போஸ், எம்பி, கார்லின் என்ற ஐந்து அணிகள் முதல் சீசனில் காரை நடத்தின. 15 கார்கள். ஒரு காருக்கு ஃபார்முலா 1 ஒன்றரை லட்சம் யூரோ போட்டது, ஓட்டுகிறவர் ஒன்றரை லட்சம் கொண்டுவர வேண்டியிருந்தது. கார் ஃபார்முலா 4 தரம், அதாவது ஏணியின் கீழ்ப்படி. அணிகளே மேல்படிகளிலும் இருப்பதால், நன்றாக ஓட்டும் பெண்ணை அந்த அணியின் பொறியாளர்கள் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். இது முக்கியமான திருத்தம். டபிள்யூ சீரிஸில் இது இருக்கவில்லை.

ஆனால் முதல் சீசனில் கேமராவை விட்டுவிட்டார்கள். ஏழு சுற்றுகளில் ஆறு ஆளில்லாத டிராக்குகளில் நடந்தன, நேரலையும் இல்லை. அந்தக் கோடையில் மொன்சா பந்தய முடிவைத் தேடி ராத்திரி பதினோரு மணிக்குக் கைபேசியைத் துழாவியது எனக்கு நினைவிருக்கிறது. கிடைத்தது ஒரு முடிவுப் பட்டியல். யார் யாரை எந்த வளைவில் முந்தினார்கள், யார் பிரேக்கைத் தாமதமாக மிதித்து மாட்டிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. பெயரும் நேரமும் மட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு ரேஸ் மேல் ஆசை வருமா?

அக்டோபரில் ஆஸ்டினில் நடந்த கடைசிச் சுற்றை மட்டும் ஃபார்முலா 1-ஓடு சேர்த்து நேரலையில் காட்டினார்கள். ஸ்பெயினின் மார்த்தா கார்சியா அங்கே பட்டம் வென்றார். பரிசாக அடுத்த ஆண்டு, ஃபார்முலா 4-க்கு ஒரு படி மேலான ஐரோப்பிய ஃபார்முலா ரீஜனல் தொடரில் இருக்கை. அங்கே அவருக்குப் பெரிதாக எதுவும் கைகூடவில்லை.

ஜெட்டாவில் ஒரு லேப் கூடுதலாக

2024-இல் இரண்டையும் சேர்த்தார்கள். எல்லாச் சுற்றுகளும் ஃபார்முலா 1 வார இறுதியில், எல்லாம் நேரலையில். ஃபார்முலா 1-இன் பத்து அணிகளும் ஆளுக்கு ஒரு பெண்ணைத் தங்கள் நிறத்தில் ஓட்டவிட வேண்டும். மற்ற கார்களுக்கு வெளி ஸ்பான்சர்கள் வந்தார்கள். சார்லட் டில்பரி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம், டாமி ஹில்ஃபிகர் என்ற ஆடை நிறுவனம் போன்றவர்கள். லிப்ஸ்டிக் நிறுவனத்தின் பெயரைக் காரில் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சிகரெட் நிறுவனங்களின் பணத்தில் பல காலம் ஓடிய விளையாட்டு இது.

நிறம் என்ன செய்யும் என்பதை நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். மார்ச்சில் சவூதியின் ஜெட்டாவில் நடந்த பந்தயத்துக்கு அக்கா மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா 1 அப்பாவோடு பார்ப்பாள், அணிகளின் நிறமெல்லாம் அத்துப்படி. சிவப்புக் கார் கடந்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்: “சித்தி, ஃபெராரியிலயும் ஒரு அக்கா இருக்காங்களா?” இருக்காங்க என்றேன். அதற்குப்பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்த விதமே வேறு.

அந்த வார இறுதியின் இரண்டாவது பந்தயத்தில்தான் அது நடந்தது. மெர்சிடிஸ் நிறத்தில் ஓட்டிய பிரான்ஸின் டோரியான் பின் முதலாவதாக வந்தார். ஆனால் கட்டம்போட்ட கொடி விழுந்தது தெரியாமல் பந்தய வேகத்திலேயே இன்னொரு லேப் போய்விட்டார். இருபது வினாடி தண்டனை. வெற்றி புல்லிங்குக்குப் போனது. அக்கா மகள் அழாத குறை. “கொடி காட்டினா பார்க்க மாட்டாங்களா?” என்று கோபித்துக்கொண்டாள். பள்ளியில் போய்த் தோழிகளிடமும் சொல்லியிருக்கிறாள்.

என் வரையில் இந்தத் தவறு அந்த சீசனின் முக்கியமான நிகழ்ச்சிகளில் ஒன்று. முந்தைய வருடம் ஆளில்லாத டிராக்கில் இது நடந்திருந்தால் முடிவுப் பட்டியலில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பாக முடிந்திருக்கும். இப்போது ஒரு ரேஸரின் பிழையாக, ரேஸர்களின் பிழைகளைப் பேசுகிற அதே தொனியில் பேசினார்கள். ஜெயிக்கும்போது மட்டும் காட்டினால் அது பாராட்டு விழா. கோட்டை விடுவதையும் மறுபடி வந்து பிடிப்பதையும் சேர்த்துக் காட்டும்போதுதான் ரசிகர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். டோரியான் பின் மறுபடி வந்தார். 2025-இல் லாஸ் வேகஸில் பட்டத்தை வென்றார்.

2024 பட்டம் புல்லிங்குடையது. அதே வருடம் மே மாதம் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில், ஆண்களும் ஓட்டும் பிரிட்டிஷ் ஃபார்முலா 4-இல் அவர் ஒரு பந்தயத்தை வென்றார். அந்தத் தொடரில் வென்ற முதல் பெண். மூன்று வருடம் முன்னால் பணம் இல்லாமல் விட்டுப்போன அதே தொடர்! அகாடமிப் பட்டத்துக்குப் பரிசாக, பிரிட்டனில் ஃபார்முலா 4-க்கு மேல்படியான ஜிபி3 தொடரில் 2025-க்கு முழுச் செலவும் ஏற்ற இருக்கை கிடைத்தது. பட்டம் வென்றவர் அகாடமிக்குத் திரும்பக் கூடாது என்பது விதி. சாட்விக்குக்கு நேர்ந்தது போல மூன்று முறை அதே வகுப்பில் உட்கார வேண்டாம்.

சாட்விக்கின் கதையும் முடியவில்லை. அவர் அமெரிக்கா போய், அங்கே உச்சத் தொடரான இண்டிகாருக்கு ஒரு படி கீழுள்ள இண்டி நெக்ஸ்ட் தொடரில் ஆண்ட்ரெட்டி அணிக்கு ஓட்டினார். 2024 ஜூனில் ரோடு அமெரிக்கா டிராக்கில் வென்றார். அந்தத் தொடரில் நீள்வட்ட டிராக் அல்லாமல், வளைவுகள் நிறைந்த சாலை வகை டிராக்கில் வென்ற முதல் பெண்.

காரும் மாற வேண்டியிருந்தது

கண்ணில் படத் தொடங்கியதும் இன்னொன்றும் வெளியே வந்தது. ஃபார்முலா 2, 3 கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வேகமான வளைவில் காற்றழுத்தம் காரைத் தரையோடு அமுக்கும்போது ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இதைத் தோளாலும் முன்கையாலும் திருப்ப வேண்டும், ஒரு மணி நேரம். ‘பெண்களால் முடியாது’ என்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டீயரிங் உண்டு என்பதை அவர்கள் சொல்வதில்லை. உச்சியில் தேவைப்படாத முரட்டு பலத்தை நடுப்படியில் கேட்கிற அமைப்பு இது. 2024-இல் வந்த புதிய ஃபார்முலா 2 காரை வடிவமைத்தபோது, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தேவைப்படும் விசை எல்லா உடல்வாகுக்கும் பொருந்துகிறதா என்றும் பார்த்தார்கள். ஓட்டப்போகிற பெண்கள் கண்முன் இருந்ததால்தான் அந்தக் கேள்வியே மேசைக்கு வந்தது என்று நம்புகிறேன்.

தனித் தொடர் இல்லாமலும் செய்யலாம் என்பதற்கு அயர்ன் டேம்ஸ் அணி இருக்கிறது. சாரா போவி, மிஷெல் காட்டிங், ராஹெல் ஃப்ரே மூவரும் பிங்க் நிறக் காரில் ஆண்கள் நடுவே ஓட்டி, 2023 நவம்பரில் பஹ்ரைனில் உலக நெடுந்தூரப் பந்தயத் தொடரில் தங்கள் பிரிவை வென்றார்கள். முழுக்கப் பெண்கள் கொண்ட அணி அங்கே வென்றது அதுவே முதல் முறை. டோரியான் பின்னும் அந்த அணியில் வளர்ந்தவர்தான்.

நம்ம ஊர்

இந்தியன் ரேசிங் லீகில் 2022 முதல் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆண்கள் ஓட்டும் அதே கார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம் நடந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. பேசியதெல்லாம் போக்குவரத்து, செலவு, வெளிச்சம். ஓட்டிய பெண்களின் பெயரை என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. விதி அவர்களைக் காருக்குள் உட்கார வைத்தது. அதற்குமேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு பைக்கும் காரும் ஓட்டிப் பெயர் வாங்கியவர். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல், கரடுமுரடான பாதைகளில் பைக் ஓட்டும் எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் வென்றார். இருங்காட்டுக்கோட்டையில் பெண்களுக்கான பைக் பந்தயப் பிரிவும் நடக்கிறது. ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவையும் மற்றவற்றோடு சேர்த்து நேரலையில் காட்டுவது, திரையில் பெயரும் ஊரும் போடுவது, தமிழில் வர்ணனை சொல்வது, ஜெயித்தவருக்குக் கோப்பையோடு அடுத்த வருடப் பொதுப் பிரிவில் ஒரு வண்டி கொடுப்பது: இவ்வளவுதான் கேட்கிறேன். இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

அக்கா மகள் இப்போது மாதம் ஒருமுறை கார்ட் ஓட்டுகிறாள். அக்காவுக்கு அதற்குமேல் கட்டுபடியாகவில்லை. போன மாதம் அவள் இரண்டு பையன்களை ஒரே வளைவில் உள்பக்கமாக முந்தியதை அக்கா கைபேசியில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். மறுநாள் பஞ்சர் ஒட்டப் போனபோது, தெருமுனை டயர் கடை அண்ணன் அந்த வீடியோவை எடுத்துக் காட்டி என்னிடம் கேட்டார்: “பாப்பா ஹெல்மெட்டுல நம்ம கடை பேரப் போடணும்னா எவ்வளவு ஆகும்மா?”